மஞ்சள் விளக்குக்கு நான் சொன்ன அர்த்தம்

எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை அட்டன் ரயில் நிலையம் வரை கொண்டுபோவதுதான் சித்தப்பாவின் வேலை. அந்த லொறி அப்போது அவருக்கு நிரந்தரமாகியிருக்கவில்லை. மழையில் வட்டவளைப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றதால், பெட்டிகளை நேரே கொழும்புக்கு ஏற்றிப் போகச் சொன்னார் தோட்டத்தை நடத்தும் துரை. புகார் இல்லாமல் போய் வந்தால் லொறி அவருக்கே என்றும் சொன்னார். விடுமுறையில் சும்மா இருந்த என்னையும் சித்தப்பா பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

மலையில் அவர் அறிந்த சட்டம் ஒன்றுதான். வளைவுக்கு முன் ஆரன் அடிக்க வேண்டும். எதிரே பதில் ஆரன் வராவிட்டால் தயங்காமல் வளைவில் திரும்பிவிடலாம்.

கொழும்பில் முதல் சந்தியிலேயே விளக்குக் கம்பம் நின்றது.

"இது என்னா தம்பி, மூணு கண்ணு?"

"பச்சைன்னா போகணும், செவப்புன்னா நிக்கணும் சித்தப்பா."

"நடுவுல மஞ்சளா ஒண்ணு இருக்கே?"

பள்ளிச் சுவர்ப் படத்தில் மஞ்சளுக்கு எதிரே 'தயாராகு' என்று எழுதியிருந்தது. எதற்குத் தயாராவது என்று அதில் இல்லை. வகுப்பில் முதலாவதாக வருகிற எனக்கோ, தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"போறதுக்கு ரெடியாகணும். வெரசா போயிரணும்."

"படிச்ச புள்ள சொன்னா சரிதான்."

அடுத்த சந்திக்கு நாங்கள் வெகு தூரத்தில் இருக்கும்போதே பச்சை மஞ்சளாகிவிட்டது. சித்தப்பா ஆரன் அடித்தார், காது கொடுத்தார், பதில் இல்லை. மிதித்துவிட்டார். நடுச்சந்தியில் இருக்கும்போது விளக்கு சிவப்பாகியிருந்தது. குறுக்கே வந்த, ரொட்டி விற்கும் பாண்காரர் சைக்கிளோடு சாய்ந்தார். அவருக்கு அடியில்லை, பாண் மட்டும் தெருவெல்லாம் உருண்டது.

பொலிஸ்காரர் சிங்களத்தில் நிதானமாக விளக்கினார். எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. மஞ்சள் விழுந்தால் நிறுத்த வேண்டும், பிரேக் போட்டால் ஆபத்து என்கிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டால் மட்டும் கடந்து போகலாம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சித்தப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "மகே வெரத்த, மாத்தயா" என்றார். என் பிழைதான் ஐயா என்று அதற்கு அர்த்தம். என் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

புகார் எங்களுக்கு முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டது. லொறிக்கு வேறு டிரைவர் வந்தார். சித்தப்பா கிளீனராகப் பின்னால் பெட்டிகளோடு ஏறிக்கொண்டார். என்ன நடந்தது என்று அப்பா கேட்டதற்கு, "பட்டணத்து வெளக்குல கண்ணு கூசிருச்சுண்ணே" என்று சிரித்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் சாகும்வரையிலும் திறக்கவில்லை.

அன்று கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் இன்னொரு சந்தியில் மஞ்சள் விழுந்தது. சித்தப்பா தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கோட்டுக்கு முன்பாக மெதுவாக நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இப்ப என்னா செய்யணும் தம்பி?"

"நிக்கணும் சித்தப்பா."

"அப்படிச் சொல்லு," என்று என் தலையைத் தடவினார்.

பாவம், இவ்வளவு நடந்தும் சித்தப்பாவுக்கு இன்னும் புரியவில்லை, நல்ல வேளையாக நான் கூட வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.