பெரியம்மாவின் பான்ஸ்மா

அந்த பிஸ்கட் டப்பா இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. கால் புண்ணுக்குக் கட்டும் துணிகளை வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, இறுக்கிச் சுருட்டி அதில்தான் பெரியம்மா அடுக்கி வைப்பார். நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேலே வந்த புண். பன்னிரண்டு வருடமாக ஆறவே இல்லை. காரைக்காலில் மற்றவர்கள் பேண்டேஜ் என்பதற்கு எங்கள் வீட்டில் மட்டும் பான்ஸ்மா என்று பெயர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியப்பா விட்டுப்போன சொல். "பான்ஸ்மா ப்ரோப்ரா இருக்கணும்" என்று பெரியம்மா தினமும் சொல்வார். ப்ரோப்ர் என்றால் சுத்தம். பள்ளித் தோழிகள் வரும் நேரத்தில் அவர் அப்படிச் சொன்னால் எனக்கு மானம் போகும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பாரிஸில் இருந்த அவர் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியது. அதற்குப் பெரியம்மா புறப்பட்டார்; அவருக்குத் துணையாக நானும் கிளம்பினேன். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பறக்கலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று அதைப் பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டினேன். விமான நிலையத்தில் பெட்டியை வாங்கி உள்ளே அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஒண்ணும் பேசாதீங்க பெரியம்மா, புடவைய நல்லா இறக்கி விட்டுக்குங்க" என்றேன். விமான வாசலைத் தாண்டும்போது புடவை விலகியது. கட்டுத் துணியில் ஊறியிருந்த கறையைப் பார்த்துவிட்ட பிரெஞ்சுக்காரப் பணிப்பெண் எங்களை ஓரமாக நிறுத்தி, டாக்டர் கடிதம் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் எங்கோ போய்விட்டது. இறக்கிவிட்டால் மகளின் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது.

பெரியம்மா என்னைக் கையால் விலக்கினார். புடவையைத் தூக்கிக் கட்டுத் துணியைக் காட்டினார். கைப்பையில் கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பாவையும் திறந்து நீட்டினார். "மதாம், பான்ஸ்மா. ப்ரோப்ர்!"

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளை வெளேரென்ற சுருள்களை ஒரு விரலால் தொட்டாள். "ப்ரோப்ர், மதாம்" என்று திருப்பிச் சொன்னாள். மேலாளரைக் கூப்பிட்டுப் பேசினாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்த இடமாகப் பார்த்து உட்கார வைத்து, காலை நீட்டத் தலையணையும் கொடுத்தாள். இது என் பெரியம்மா என்று விமானம் முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

பெரியம்மா இப்போது இல்லை. அந்தப் பயணத்தில் அவர் கையில் வாங்கிய பேத்தி போன மாதம் ஊருக்கு வந்தவள் டப்பாவைத் திறந்து, "இது என்ன சித்தி?" என்றாள்.

"பான்ஸ்மா."

அவள் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் போல மூக்கால் சொல்லித் திருத்திவிட்டுச் சிரித்தாள். எனக்குக் கூச்சம் வரவில்லை.

"நீ அப்படியே சொல்லிக்க. உங்க அம்மாச்சி இப்படிச் சொல்லித்தான் உன்னைப் பார்க்க வந்தாங்க."