ஆம்பூரில் மாட்டிக்கொண்ட கால்

பெங்களூர் ரயில் ஆம்பூரில் நிற்கிறது. ஒரே இயர்போனை நானும் என் தோஸ்த் மும்தாஜும் ஆளுக்கொரு காதில் வைத்திருக்கிறோம். சாயங்காலம் பெங்களூரில் ராக் கச்சேரி. அதற்குள் அவளுக்குப் பிடித்த பாட்டை நானும், எனக்குப் பிடித்ததை அவளும் கேட்டு முடிக்க வேண்டும். ஷூ கம்பெனியில் நாங்கள் தைத்த காலத்தில், மிஷின் சத்தத்தை மீறிக் காதில் விழுந்தது இந்த ராக் பாட்டுதான். அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் மட்டும் மும்தாஜ் சொந்தத்தில் கல்யாணம் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வயசில் உண்மையைச் சொல்ல வெட்கம்.

கழுத்தில் ஷூ கம்பெனி அட்டையோடு ஒரு பெண் ஏறி எதிரே உட்கார்கிறாள். என் மருமகள் வேலை செய்யும் அதே கம்பெனி. சட்டென்று பாட்டுச் சத்தத்தைக் குறைக்கிறேன்.

"இன்னாம்மா கேக்குறீங்க?"

"பக்திப் பாட்டு" என்கிறேன்.

அவள் என் காலைப் பார்க்கிறாள். டிரம்ஸ் அடிக்கு ஏற்றபடி அது தையல் மிஷின் பெடலை அமுக்குகிற மாதிரி தரையை அமுக்கிக்கொண்டிருக்கிறது.

"பக்தி ரொம்ப ஜாஸ்தியா இருக்கே."

மும்தாஜ் சிரித்துத் தொலைக்கிறாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்கிறேன். "என் மருமககிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

அவள் கையை நீட்டுகிறாள். என் காதில் இருந்ததை எடுத்துக் கொடுக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் காலும் அமுக்க ஆரம்பிக்கிறது. பாட்டு முடிந்ததும், நூலை வெட்டுவதற்கு அவள் கை மடியில் கத்தரியைத் தேடுகிறது.

இனி இவள் வாயைத் திறக்க மாட்டாள். இவள் காலை நானும் பார்த்துவிட்டேன்.