தம்பிக்கு இரண்டு ஞானஸ்நானம்

இடஒதுக்கீடு கேட்டு, சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வாரத்தில்தான் என் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்திருந்தார்கள். எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்தது. சாமியார் இருக்கும் பங்குக் கோயிலுக்குச் சங்கராபுரத்தைத் தாண்டிப் போகவேண்டும். கலவரம் அடங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை. நடந்தாவது போய்விட வேண்டும் என்று நின்றாள்.

பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கிற ஞானத்தகப்பன் பொறுப்பு மாமாவுக்கு வந்தது. கள்ளக்குறிச்சியில் கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கோயில் பக்கம் தலைகாட்டி ஏழெட்டு வருடம் இருக்கும். அதனால் மூன்று ஞாயிறு வகுப்புக்கு வரச் சொல்லி, வேதபாடம் நடத்தும் உபதேசியார் கட்டளையிட்டார். பசாசை, அதாவது பிசாசை, விட்டுவிடுகிறீரா என்று சாமியார் கேட்டால், விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"எனக்கும் அதுக்கும் பழக்கமே இல்லீங்களே. எங்கேர்ந்து வுடறது?" என்றார் மாமா.

உபதேசியார் மாமாவின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பீடிக்கட்டைப் பார்த்தார்.

நான் அப்போது ஒன்பது வயதுப் பெண். முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குவதற்காக அதே உபதேசியாரிடம் நானும் படித்துக்கொண்டிருந்தேன். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மோட்சத்தின் கதவு திறக்காது. சாகக் கிடக்கும் பிள்ளைக்கு, சாமியார் இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்ததை மறுமுறை கொடுப்பது பெரிய பாவம். இந்த மூன்றையும் அவர் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு விளக்கினார். குடுமித் தேங்காயின் தலையில் நாங்கள் வரிசையாக வந்து தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லிப் பழகினோம். பதினோரு ஞானஸ்நானம் பெற்ற அந்தத் தேங்காய் அன்று மாலையே அவர் வீட்டில் சட்னியானது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பக்கத்து வீட்டு மாட்டுவண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பாதி வழியில், சாலைக்குக் குறுக்கே பெரிய புளியமரம் ஒன்றை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதன்மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னிக்கு எந்த வண்டியும் போவாது. திரும்புங்க" என்றார் முண்டாசு கட்டிய ஒருவர்.

அப்பாவும் மாமாவும் இறங்கிப் போய்ப் பேசினார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் என்ன என்று முண்டாசுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னா, தலையில தண்ணி ஊத்தறதுதான? அதோ பம்பு செட்டு ஓடிக்கினு கீது. ஊத்திக்கினு வூடு போய்ச் சேருங்க!"

மாமாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டதுபோல் தெரிந்தது. அம்மா தம்பியை என் மடியில் போட்டுவிட்டு, தானே பேசுவதாக இறங்கிப் போனாள். மறியல்காரர்களில் ஒரு பையன் வெயிலுக்குக் குடிக்கச் சொல்லி ஒரு சொம்பு நீர்மோரை வண்டியில் வைத்துவிட்டுப் போனான்.

அம்மா நகர்ந்ததும் தம்பி அழ ஆரம்பித்தான். அழுது அழுது வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டான். சத்தம் வரவில்லை. மூச்சும் வரவில்லை. முகம் சிவந்து, பிறகு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன். என் வாயிலும் சத்தம் வரவில்லை. கதவு மூடிய மோட்சம் மட்டும் கண்முன் தெரிந்தது. சொம்பை எடுத்தேன். தேங்காய்க்கு ஊற்றியதுபோலவே மூன்று தரம் ஊற்றி, மந்திரத்தை முழுதாகச் சொல்லி முடித்தேன்.

சில்லென்று பட்டதும் தம்பி விலுக்கென்று உதறி, மூச்சை இழுத்து, மலை வரைக்கும் கேட்கிற மாதிரி வீறிட்டான். அம்மா ஓடிவந்து தூக்கினாள். பிள்ளை பால் கக்கியிருக்கிறான் என்று முந்தானையால் தலையைத் துடைத்தாள். நான் சொம்பை வைக்கோலுக்குள் தள்ளிவிட்டேன்.

அம்மா அவர்களிடம் என்ன பேசினாளோ, வண்டியை விடாவிட்டாலும் ஆட்களை விட்டார்கள். முண்டாசுக்காரரே தம்பியை வாங்கினார். கிளைக்குக் கிளை, கைக்குக் கை மாறி அவன் புளியமரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். நாங்கள் சேலையும் வேட்டியும் கிழியாமல் தாண்டுவதற்குத்தான் நேரமாயிற்று.

நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தபோது கோயிலில் சாமியாரைத் தவிர யாரும் இல்லை. மாமா மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே பசாசை விட்டுவிட்டார். பிறகு கடவுளை விசுவசிக்கிறீரா என்று கேட்டதற்கும், "விட்டுவிடுகிறேன்" என்றார். அப்பா அவர் காலை மிதித்தார். சாமியார் தண்ணீரை மொண்டு கையை உயர்த்தினார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. என் கண்ணெதிரே பெரிய பாவம் ஒன்று நடக்கப்போகிறது.

"சாமி, ஊத்தாதீங்க! நான் ஊத்திட்டேன்!"

சாமியார் கை அப்படியே நின்றது. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நீதிபதிபோல ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"என்ன பேர் சொல்லி ஊத்தின?"

"தம்பின்னு."

"தண்ணிதானே ஊத்தின?"

"மோருங்க சாமி."

"மோரா?"

"மோர் கம்மி. தண்ணிதான் ஜாஸ்தி."

சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். மோரில் எத்தனை பங்கு தண்ணீர் இருந்தால் அது தண்ணீர் என்று அவர் படித்த புத்தகங்கள் எதிலும் இருந்திருக்காது. கடைசியில், ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிராவிட்டால் இதோ கொடுக்கிறேன் என்று ஒரு நிபந்தனையோடு ஊற்றலாம், அதில் பாவம் இல்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்படியே ஊற்றினார். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தம்பியை மாமாவிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தாள். அடி விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். அவள் மண்டியிட்டு என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப இவ இருந்திருக்கக் கூடாதா" என்றாள். சொல்லிச் சொல்லி அழுதாள். மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு முன்னால் இந்த வீட்டில் ஒருத்தி பிறந்தாள் என்பதும், அடைமழையில் ஓடை பெருகிச் சாமியாரை அழைத்துவர முடியாமல் மூன்றாம் நாளே போய்விட்டாள் என்பதும், ஞானஸ்நானம் பெறாதவள் என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே அவளைப் புதைத்தார்கள் என்பதும் நான் பெரியவளான பிறகுதான் தெரியவந்தது. அன்றைக்கு எனக்கு அம்மா ஏதோ தவறாகப் புரிந்துகொண்டாள் என்றுதான் பட்டது. அவள் பிடியிலிருந்து முகத்தை விடுவித்துக்கொண்டு, கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்:

"நான் இருந்தேனேம்மா. வண்டியிலதான இருந்தேன்."