மாப்பிள்ளை நிறுத்திய இடமும் நான் வெட்டிய கேபிளும்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் கடைவீதியில் ஒயர் என்று கேட்டுப் பாருங்கள், என் கடையைத்தான் கை காட்டுவார்கள். ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி, ஒருவர் தயவும் இல்லாமல் வளர்த்த கடை. அந்தக் கடைக்கே ஒருநாள் சோதனை வைத்தவர் என் தங்கை வீட்டுக்காரர். எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான்.

மாப்பிள்ளை டவுன் பஸ் ஓட்டியவர். அவர் பிரேக் போட்டால் படிக்கட்டு, காத்திருப்பவர்களின் காலடியில் வந்து நிற்கும். கைக்குழந்தையோடு நிற்கும் பெண்கள் அவர் வண்டிக்காகவே முந்தின பஸ்ஸை விட்டுவிடுவார்கள். மற்றபடி சாது. வாய் திறந்தால் சாப்பிடத்தான் என்பாள் என் தங்கை. அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும், யாரையும் கேட்காமல் ஒரு கேம்பர் டிரெய்லர் வாங்கிவிட்டார். கட்டில், அடுப்பு எல்லாம் வைத்து, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற குட்டி வீடு.

“ஊரையெல்லாம் ஏத்தி இறக்கிட்டேன் மச்சான். இனி இவளைக் கூட்டிட்டுப் போகணும்” என்றார்.

முதல் பயணம் ஏரிக்கரை முகாமுக்கு. இப்படி வந்து தங்கும் வண்டிகளுக்குக் கரண்ட் கொடுக்க அங்கே கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை, புல் வெட்டும் மெஷினுக்கு வாங்கிய நீளமான ஒல்லி ஒயரைச் செருகி, மீதியை அழகாகச் சுருட்டிப் படிக்குக் கீழே வைத்திருக்கிறார். ஹீட்டரும் கெட்டிலும் சேர்ந்து ஓடியதும் சுருள் சூடேறி, உறை இளகி, பொசுக்கென்று எல்லாம் அணைந்துவிட்டது. கருகிய நாற்றத்தில், போர்வைக்குள் நடுங்கியபடி என் தங்கை தீர்ப்புச் சொல்லிவிட்டாள்:

“இன்னும் ஒரே தடவை வருவேன். அப்பவும் அணைஞ்சா, வண்டியை வித்துட வேண்டியதுதான்.”

சொன்னதோடு விடவில்லை. வாங்குவதற்கு ஒரு பல் டாக்டரையும் பிடித்து வைத்தாள்.

மாப்பிள்ளை கருகிய ஒயரைச் செத்த கோழி மாதிரி தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

“என் கடை இருக்க, இதை எங்க போய்ப் பொறுக்கினீங்க மாப்பிள்ளை?”

“உங்க கடையில வாங்கினதுதான் மச்சான்.”

“புல்லு வெட்டத்தானே கொடுத்தேன்! ஒரு வீட்டையே ஓட்டவா கொடுத்தேன்? அதையும் சுருட்டி வச்சா சூடு எங்க போகும்?”

ரப்பர் உறை போட்ட ரெண்டரை எம்எம் கேபிள், மழைத்தண்ணீர் புகாத மூடி வைத்த பிளக். முகாமுக்கென்றே செய்த சரக்கு. அதில் நீளமான சுருளை, இந்த வயதிலும் ஒற்றை ஆளாகத் தூக்கி மேஜையில் போட்டேன். மாப்பிள்ளை தூக்கிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பஸ் சீட்டில் உட்கார்ந்தே தேய்ந்த இடுப்பு.

“கனமாத்தான் இருக்கும். தடிமனை நான் குறைக்க மாட்டேன். உள்ளே படுக்கிறது என் தங்கச்சி.”

“தடிமன் உங்க இஷ்டம். நீளத்தை வெட்டுங்க.”

“கம்பம் தள்ளியிருந்தா? பல்லால கடிச்சு இழுப்பீங்களா?”

“தூரத்தை என்கிட்ட விட்டுடுங்க மச்சான்.”

அரை மனதாக வெட்டினேன். நம்பிக்கை இல்லாமல் நானும் கூடவே போனேன்.

முகாமில் மற்றவர்களின் கேபிள்கள் புல்லெல்லாம் வளைந்து கிடந்தன. என் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார், டிரெய்லரைப் பின்னால் விட்டார், ஒருமுறை முன்னே வந்தார், மறுபடி பின்னால் போனார். அவ்வளவுதான். டிரெய்லரில் பிளக் செருகும் இடம் கம்பத்தின் மூக்கருகே வந்து நின்றது. இடையில் என் தொப்பை நுழையாது. வெட்டிய கேபிள் கச்சிதமாகப் போதுமாக இருந்தது, சுருட்டி வைக்க மிச்சமே இல்லை.

தங்கை உள்ளே போய் ஹீட்டரைப் போட்டாள், கெட்டிலைப் போட்டாள். வெளியே வந்து கேபிளைக் கையால் அழுத்திப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

“எப்படிம்மா அண்ணன் கடைச் சரக்கு?”

“சரக்கு கிடக்கட்டும் அண்ணே. இவர் கொண்டுவந்து நிறுத்தினதைப் பாத்தீங்களா?” என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். “ஏங்க, அந்தப் பல் டாக்டருக்கு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுங்க.”

மாப்பிள்ளை வாய் திறந்தார்.

“முதல்ல டீயைப் போடு.”

கெட்டில் கொதித்தது, லைட் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நிறுத்தியது அவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கேபிளின் தடிமன் நான் சொன்னது.