ஆன்டெனா வீரன் இன்னும் கை கொடுக்கவில்லை

அருள் போய்விட்டான்.

காலையில் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவன் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றானாம். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள்...

அவன் மனைவி ரோஸ்லின்தான் போன் செய்தது. அருள் நம்பரில் இருந்து வந்த அழைப்பு. நான் எடுத்தவுடனே, "என்ன மாப்ள, வரைஞ்சிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் அருளும் கடலூரில் ஒரே ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர்களாக இருந்தோம். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி... எல்லாம் எங்கள் கையால்தான். நடுவில் கிடைக்கிற நேரத்தில் காமிக்ஸ்.

அவன் ஆள் ஆன்டெனா வீரன். ஷட்டர் வைத்த பழைய டிவிக்குள் இருக்கிற கறுப்பு வெள்ளை ஹீரோ. என் ஆள் சிக்னல் செல்வி. இன்றைய சிதம்பரத்துப் பெண், ஃபுல் கலர், காலத்தில் முன்னும் பின்னும் போய் வருவாள்.

இரண்டு பேரையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தோம். அந்தக் காலத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீரன் வரும் டிவி தொடரின் கடைசி எபிசோட். துறைமுகத்து லைட்ஹவுஸ் உச்சியில் வீரன் ஒற்றைக் கையில் தொங்குகிறான். அந்த நேரம் பார்த்து ஊர் முழுக்க கரண்ட் போய்விடுகிறது. முடிவை யாருமே பார்க்கவில்லை. அதனால் அவன் இன்னும் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கிறான். செல்வி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே திரும்பிப் போய் அவனைத் தூக்க வேண்டும்.

கரண்ட் போன கதை அருளின் சின்ன வயதில் அவன் வீட்டில் நிஜமாக நடந்தது. அவன் மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே "தெரியுதா? தெரியுதா?" என்று கத்த, கீழே இருந்து யாரும் பதில் சொல்லவில்லையாம். கரண்ட் போனது மாடியில் நின்றவனுக்கு எப்படித் தெரியும்... கடையிலும் அதே பழக்கம்தான். பேனர் கட்ட ஏணியில் ஏறினால், நேராக இருக்கிறதா என்று கேட்க மாட்டான். "தெரியுதா?" என்பான்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். அவன் ஆளை நான் வரையக்கூடாது, என் ஆளை அவன் வரையக்கூடாது.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். முதுநகரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். அவசர பேனர். காமிக்ஸுக்காக வரைந்த வானத்தையே அருள் பின்னணியில் போட்டான். வானத்துக்கு மேல் தனி அடுக்காக வீரன் இருந்த லேயரை ஆஃப் செய்ய மறந்துவிட்டான்.

பேனரைக் கட்டுவதற்கு ஆள் போன பிறகுதான் ஸ்கிரீனில் கவனித்தேன். பெரியவரின் தோளுக்குப் பின்னால் முதுகில் கேப் போட்ட ஒருத்தன் தொங்குகிறான்.

பைக்கை எடுத்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அருள், "அடிதான் மச்சான் இன்னிக்கு... சாவு வூட்ல அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

போய்ச் சேர்ந்தபோது பேனர் ஏறியிருந்தது. பெரியவரின் மகன் நேராக வந்து அருளின் சட்டையைப் பிடித்தார். "எங்கப்பா சாவு உங்களுக்கு வெளாட்டா போச்சா?"

"தப்புதாங்க. இதோ கழட்டிடுறேன்" என்று ஏணியில் கால் வைத்தான்.

அந்த வீட்டு அம்மா வாசலில் இருந்தே சொன்னார். "வுடுங்கப்பா. தனியா போறாரேன்னுதான் எனக்கு ஒரே நெனப்பா இருந்துச்சு. யாரோ ஒருத்தன் கூடப் போறான்ல... இருக்கட்டும்."

அருள் ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டான்.

அப்புறம் அவன் கம்பெனி வேலைக்குப் போனான், நான் சிதம்பரத்தில் சின்னதாகக் கடை போட்டேன். காமிக்ஸ் மட்டும் வாட்ஸப்பில் ஓடியது. இந்த வாரம் அது புத்தகமாக அச்சுக்குப் போக வேண்டும். பாக்கி கடைசிப் பக்கம், கடைசிக் கட்டம். செல்வி கையை நீட்டிவிட்டாள். வீரனின் கையை அவன்தான் வரைய வேண்டும்.

வரையவே மாட்டேன் என்றான். பிரஸ்ஸில் பிளேட் போடக் காத்திருக்கிறார்கள் என்று கத்தினேன்.

"புடிச்சிட்டா கத முடிஞ்சிடும் மச்சான். அப்புறம் நீ எதுக்கு எனக்குப் போன் பண்ணப்போற?"

"லூசு மாதிரி பேசாத, மாப்ள. நாளைக்கு வந்தாகணும்" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை இன்றுதான்.

பிரஸ்ஸிலிருந்து மதியம் பாபு கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். தயங்கித் தயங்கி, "ஒரு கைதானேண்ணா... அவரு ஸ்டைலு உங்களுக்கு அத்துப்படி. நீங்களே போட்டுடுங்க. அவரு பேர்லயே வரட்டும்" என்றார்.

முடியும். கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஃபைலைத் திறந்து பேனாவையும் எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் ரோஸ்லின் மறுபடி கூப்பிட்டது. "அண்ணா, பேனரு நீங்கதான் பண்ணணும். அவரு பின்னாடி அந்த ஆளையும் வைங்க. முதுநகர் கதையச் சொல்லிச் சொல்லி சிரிப்பாரு... லேயர ஆஃப் பண்ணிடாதீங்க."

இந்த மாதிரி எத்தனையோ பேனர் செய்திருக்கிறேன். அருள் போட்டோவைப் பின்னணியிலிருந்து கட் செய்யத்தான் மனசு வரவில்லை. அழுதுகொண்டேதான் செய்தேன். அவன் வரைந்த வீரனை அப்படியே பின்னால் விட்டேன்.

பிரஸ்ஸுக்கு அந்தப் பக்கத்தை இருக்கிறபடியே அனுப்பச் சொல்லிவிட்டேன். செல்வி கை நீட்டியபடி. எதிரே வெள்ளை.

சாயந்திரம் அருள் வீட்டு முனையில் நானே ஏணியில் ஏறிக் கட்டினேன். கயிற்றை இழுத்து முடிந்ததும் என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது... "தெரியுதா?"

கீழே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தெரியுதுண்ணா" என்றது ரோஸ்லின்.

உன் ஆளை நான் தொடலடா மாப்ள. போய் வா.