யாருக்கும் சேராத ரத்தம்

1. ஆறு பை

அன்று ஞாயிற்றுக்கிழமை. விவேக் நகர் கோயிலில் காலைப் பூசையைத் தவறவிட்டு டியூட்டிக்கு வந்த கடுப்பில் இருந்தேன். பிளட் பேங்கில் நானும் டாக்டரம்மாவும் மட்டும். பிரசவ வார்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. செல்வி, இருபத்து மூன்று வயது, குழந்தை பிறந்து இரண்டாம் நாள். ரத்தப்போக்கு முழுசாக நிற்கவில்லை, ஹீமோகுளோபின் நான்கு. ஆபரேஷன் செய்தாக வேண்டும். ரத்தம் கையில் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

குரூப் பார்த்தேன். ஓ பாசிட்டிவ். ஃபிரிட்ஜில் ஓ பாசிட்டிவ் ஆறு பை இருந்தது. நிம்மதியாக கிராஸ் மேட்ச் போட்டேன். புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: நோயாளியின் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில், கொடுத்தவரின் சிவப்பணுவை ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதுதான் கிராஸ் மேட்ச். அணுக்கள் தனித்தனியாக மிதந்தால் அந்த ரத்தம் சேரும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியானால் சேராது. வெளியுலகத்தில் ஒட்டிக்கொண்டால்தான் சேர்ந்துவிட்டார்கள் என்போம். எங்கள் டியூபில் எல்லாமே தலைகீழ்.

ஆறு டியூபிலும் கட்டி. ஆட்டினாலும் கலையாத கட்டி.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், வாயில் வராது. நான் எந்த ரிசல்ட்டைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"ஓ செல் ஹாக்கித்யா?"

ஓ செல், அதாவது ஓ குரூப் சிவப்பணு, போட்டாயா என்று அர்த்தம். குரூப்பை இரண்டு வழியில் பார்க்க வேண்டும். முதலில் அணுவைப் பார்ப்பது. அப்புறம் சீரத்தில் ஏற்கெனவே தெரிந்த ஏ, பி, ஓ செல்களை விட்டுச் சரிபார்ப்பது. ஓ செல் சாதாரணமாக யாருடைய சீரத்திலும் ஒட்டாது. ஒட்டாததை எதற்குப் போட வேண்டும் என்று சோம்பேறிகள் அதை மட்டும் விட்டுவிடுவார்கள். சோம்பேறிகள் என்று யாரைச் சொல்கிறேன் என்பது சீக்கிரம் தெரியும்.

அன்று போட்டேன். ஒட்டியது.

டாக்டரம்மா ஃப்ரீசரின் மூலையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்தார். ஆன்டி-ஹெச். ஏதோ ஒரு செடியின் விதையிலிருந்து எடுப்பது. நம் எல்லோருடைய சிவப்பணுவிலும் ஹெச் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது இருந்தால் இந்தச் சாறு பிடித்துக்கொள்ளும். எங்கோ முளைத்த செடிக்கு நம் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கிறதே என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். செல்வியின் அணுக்களை அது பிடிக்கவே இல்லை.

டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பிலிருந்து நெடுநேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு கோயிலுக்குள் பேசுகிற குரலில் சொன்னார், "இது பாம்பே கணம்மா." இது பாம்பேதான் அம்மா என்று.

பாம்பே குரூப். அந்த ஊரில் முதலில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கு இருக்கும். பார்வைக்கு ஓ மாதிரியே தெரியும், ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் ஆள் போய்விடும். இன்னொரு பாம்பே குரூப் ஆள்தான் கொடுக்க வேண்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. 

செல்வியின் கணவர் ராஜேந்திரன் ஆட்டோ ஓட்டுகிறவர். வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் கேட்டார்.

"பாம்பே ரத்தமா? இப்பவே ட்ரெய்ன் ஏறட்டா சிஸ்டர்? அங்க போயி யார கேக்கணும்னு மட்டும் ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க."

நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன். வெள்ளைக் கோட்டு போட்டால் இந்த ஊரில் எல்லோரும் சிஸ்டர்தான். வேறு நாளாக இருந்தால் திருத்தியிருப்பேன். அவர் காக்கிச் சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டு ரயிலுக்குத் தயாராக நின்றதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, பேர்தான் பாம்பே என்று சொல்லி உட்காரவைத்தேன்.

2. தள்ளுபடி ரிஜிஸ்டர்

அப்போதுதான் அந்தப் பை ஞாபகம் வந்தது. 

அதற்கு மூன்றரை வருஷம் முன்பு ஸ்ரீராம்புரத்தில் ஒரு ரத்ததான கேம்ப். ஒரே நாளில் ஐம்பது பைக்கு மேல். மறுநாள் குரூப் போட்டபோது டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார், "ஓ செல் ஹாக்கித்யா?" நான் நிமிராமலே, "ஹாக்கிதீனி மேடம்" என்றேன். போடவில்லை. பச்சைப் பொய்.

அதில் ஓ என்று நான் எழுதிய ஒரு பையை இரண்டு நோயாளிகளுக்குக் கிராஸ் மேட்ச் போட்டுப் பார்த்தோம். மேஜர், அதாவது நான் முதலில் சொன்ன முறை, சரியாக இருந்தது. மைனரில், அதாவது கொடுத்தவரின் பிளாஸ்மாவை நோயாளியின் செல்லோடு பார்க்கும்போது, இரண்டு முறையும் ஒட்டியது. ஏன் என்று யாரும் தோண்டவில்லை. பை தள்ளுபடியானது.

சில மாதம் கழித்து அந்த ஆளே நேரில் வந்தார். முனிரத்தினம், லேத் மெஷின் ஓட்டுகிறவர், புதிதாகக் கல்யாணம் ஆனவர். மறுபடியும் ரத்தம் கொடுக்க வந்திருந்தார். கவுண்டரில் கூட்டம். ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு நான் சொன்னது இவ்வளவுதான்: "உங்க ரத்தம் யாருக்கும் சேரல. இனிமே வர வேணாம்." அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

செல்வியின் பிளாஸ்மாவும் அவருடைய பிளாஸ்மாவும் மற்றவர்களின் ஓ செல்லை ஒட்டவைக்கிற அதே காரியத்தைச் செய்திருக்கின்றன. ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தேன். பெயர், மூணாவது கிராஸ், வாட்டர் டேங்க் பக்கம். அதே வரியில், எல்லா நோய் டெஸ்ட்டும் நெகட்டிவ் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஹோகம்மா, மொதலு கர்க்கொண்டு பா" என்றார். போ, முதலில் அழைத்து வா.

3. மூணாவது கிராஸ்

ராஜேந்திரனின் ஆட்டோவிலேயே போனோம். நம் ஊரில் தெருவுக்கும் கிராஸ் என்று பேர், என் வேலைக்கும் கிராஸ் என்று பேர். மூணாவது கிராஸில் வாட்டர் டேங்க் பக்கம் நான்கு வீடு விசாரித்துக் கதவைத் தட்டினேன்.

முனிரத்தினம்தான் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"இன்னா சிஸ்டர், முத்திப்போச்சா?"

எது முற்றிப்போச்சு என்று எனக்குப் புரியவில்லை. பின்னாலிருந்து அவர் மனைவி கலா வந்தார். அவர்தான் புரியவைத்தார்.

"சேரலன்னு ஒரே வார்த்த சொல்லி அனுப்புனீங்களே, அன்னிலேருந்து இவரு மனுசனா இல்ல. அந்தக் கெட்ட நோய்தான்னு நெனச்சுக்கினாரு. வேற எங்கயும் போயி டெஸ்ட் எடுக்க பயம். தனி டம்ளரு, தனி தட்டு. முடி வெட்டக்கூட கடைக்குப் போறதில்ல, பிளேடு இன்னொருத்தர் மேல பட்டுடுமாம். மூணு வருஷமா என் பக்கத்துல படுக்கல. எங்களுக்குப் புள்ள வேணாம்னுட்டாரு."

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வார்த்தை ஒரு வீட்டுக்குள் இவ்வளவு தூரம் போகும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒங்களுக்கு எந்த நோயும் இல்ல," என்றேன். "அன்னிக்கே எல்லாம் நெகட்டிவ். சொல்லாம விட்டது என் தப்பு. ஒங்க ரத்தம் கெட்டது இல்லங்க, ரொம்ப அபூர்வமானதா இருக்கும்னு நெனைக்கிறேன். அதே மாதிரி ரத்தம் வேணும்னு ஒரு பொண்ணு அங்க கெடக்குது. ரெண்டு நாள் கொழந்த இருக்கு."

 கலா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ராஜேந்திரன் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

முனிரத்தினம் உள்ளே போனார். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நீயும் வா கலா. அவங்க சொல்றத நீயும் காதால கேளு."

4. மைக்ரோஸ்கோப்

அவருடைய அணுக்களை அந்த விதைச் சாற்றில் விட்டேன். பிடிக்கவில்லை. சீரத்தில் ஓ செல் போட்டேன். ஒட்டியது. டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே, "ஓ செல் ஹாக்கிதீனி மேடம், நீவே நோடி", நீங்களே பாருங்கள் என்று டியூபை அவர் கையிலேயே கொடுத்தேன். பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரே ஊர். செல்விக்கு வீடு விவேக் நகர்ப் பக்கம், இவருக்கு ஸ்ரீராம்புரம். சொந்தமில்லை, ஒரே ஜாதியில்லை, முகம் பார்த்ததில்லை. ராஜேந்திரன் அந்தத் தெரு வழியாக எத்தனை முறை சவாரி போயிருப்பார்! பாம்பேக்கு ரயில் ஏறக் கிளம்பிய மனுஷனுக்கு ரத்தம் வாட்டர் டேங்க் பக்கத்தில் இருந்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் லேபில் இருந்தேன், இப்படி ஒன்றை வேறு எப்போதும் பார்த்ததில்லை.

நோய் டெஸ்ட்டுகளையும் திரும்பச் செய்தேன். ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி, நெகட்டிவ் நெகட்டிவ் என்று கலாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பை நிறைந்தது. செல்வியின் சீரத்தோடு கிராஸ் மேட்ச் போட்டேன். ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன். லேபுக்குள் வெளியாளை விடக் கூடாது. டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தனித்தனியா மெதக்குதே சிஸ்டர். ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே இல்லியே. இதுவும் சேரலியா?"

"இல்லங்க. எங்க லேப் பாஷையில இதுதான் சேர்றது. ஒங்க ரத்தம் அந்தப் பொண்ணுக்குச் சேருது."

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

இருந்தது அந்த ஒரு பைதான். சர்ஜன் அதை வைத்தே ஆபரேஷனை முடித்தார், செல்வி பிழைத்தாள்.

லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ஓ செல் போடுங்கள், எத்தனை பை குவிந்திருந்தாலும் போடுங்கள். ரத்தம் கொடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் ஏன் என்று முழு வாக்கியத்தில் சொல்லுங்கள், அவர் கேள்வி கேட்டு முடிக்கும்வரை நில்லுங்கள். ‘சேரல’ என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் டியூபைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

அன்று அவர்கள் கிளம்பும்போது நான் ஃப்ளாஸ்க்கிலிருந்து ஒரே ஒரு டம்ளரில் காபி ஊற்றி முனிரத்தினத்திடம் கொடுத்தேன். அவர் பாதி குடித்தார். மீதியை வாங்கி கலா குடித்தார்.