துரு ஏறாத கத்தி

பதுளையில் என் இரும்புக்கடைக்கு வந்து காட்டுக் கத்தி கேட்கிறவரிடம் நான் முதலில் அவருடைய கையைத்தான் பார்ப்பேன். உள்ளங்கை அகலம், விரல் நீளம், காய்த்த கையா, பேனா பிடித்த கையா, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிறகு நானே ஒரு கத்தியை எடுத்து முன்னால் வைப்பேன். அதை மாற்றித் தரச் சொல்லித் திரும்பி வந்தவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் படித்த இஞ்சினியர்மாரே இரும்பைப் பற்றி என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

இந்த ஞானம் எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது. அப்போது நாங்கள் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்று எங்களுடையது. அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியின் தலையைச் சீவுகிற அந்த வளைந்த கத்தியைத் தீட்டிக் கொடுப்பது என் வேலை. பெருவிரல் நகத்தில் கத்தியின் வாயை வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். என் பதத்தைக் கேள்விப்பட்டு அடுத்த காம்பராக்காரர்களும் தங்கள் கத்தியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பெரிய மனுஷிபோல எடுத்து வைப்பேன்.

எங்களோடு மாமாவும் இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அம்மாதான் தூக்கி வளர்த்தாள். வளர்த்த கையோடு, என் அக்காவுக்கு அவர்தான் மாப்பிள்ளை என்றும் முடிவு செய்துவிட்டாள். அக்காவுக்கு அப்போது பதினெட்டு வயது. தை பிறந்தால் கல்யாணம் என்று லயம் முழுக்கப் பேச்சு. அவர்கள் இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. வளர்த்த அக்காளுக்கு எதிராக மாமா வாய் திறக்க மாட்டார். பெற்றவளுக்கு எதிராக என் அக்காவும் திறக்க மாட்டாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் மாமாவைக் காணக் கிடைக்காது. ஹல்துமுல்லைக்குக் கீழே காட்டுக்குத் தேன் எடுக்கப் போவதாகச் சொல்வார். அங்கே காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் போடுகிற சிங்களக் குடும்பங்கள் சில இருந்தன. திரும்பி வரும்போது போத்தலில் தேன் கொஞ்சமாகவும் முகத்தில் சிரிப்பு நிறையவும் இருக்கும். அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. ஒரு ஞாயிறு காலையில், அப்புத்தளைக்குக் கத்தி வாங்கப் போகிறேன் என்று மாமா கிளம்பியதும் என்னை ஓரமாக இழுத்தாள்.

"நீயும் கூடப் போ. யாரோட பேசுறான், என்னா பேசுறான், எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்."

"கத்திய நான்தான் பாத்து எடுப்பேன்."

"கத்தி கெடக்குது. ஆளப் பாரு."

நான் கத்தியைத்தான் பார்த்தேன்.

கப்பலேறி ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரைமார் ஏலத்தில் விட்ட சாமான்களை வாங்கி விற்கிற கடை அது. பட்டப்பகலிலும் பனிமூட்டம் கடைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. முதலாளி ஒரு சாக்கை விரித்து அதில் கத்திகளை வரிசையாக வைத்தார்.

"ஒரு மழக்காலம் பூரா காட்டுலயே கெடக்கும் முதலாளி. எண்ண போட்டு வைக்கிற எடமில்ல. துரு ஏறாத கத்தியா வேணும்" என்றார் மாமா.

முதலாளி மான்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றை நீட்டினார். "தொரை வேட்டைக்குக் கொண்டுபோனது தம்பி. மடிச்சுப் பையில போட்டுக்கலாம்."

"மடியிற எடத்துலதான் மொதல்ல ஒடியும். மடக்குறது வேணாம் மாமா" என்றேன் நான்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரு தம்பி இது, ஒங்க தோட்டத்துக் கணக்கப்புள்ளயா?"

மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுத்த கத்தியை எடுத்துக் காதோடு வைத்து ஆட்டினேன். பிடிக்குள் லேசாக ஒரு 'டிக்' கேட்டது. "இரும்பு பிடிக்குள்ள பாதி தூரந்தான் போயிருக்கு. முதுகுல கட்டையால அடிச்சு விறகு பொளந்தா, பிடி ஒரு பக்கம் போவும், கத்தி ஒரு பக்கம் போவும்."

"அடேங்கப்பா!" என்ற முதலாளி, உள்ளே போய் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அதில் ஒரே மாதிரி இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று கொஞ்சம் சிறியது. தோல் உறை, ஒரு சாண் அலகு, நல்ல தடித்த முதுகு. இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் ஓடியிருந்தது. இரண்டு பக்கமும் மரத்தை வைத்து மூன்று ஆணி அறைந்திருந்தார்கள். அலகு கண்ணாடிபோல இருந்தது. துருவே ஏறாத இரும்பு என்று முதலாளி சத்தியம் செய்தார். நான் சத்தியத்தை நம்புகிறவள் இல்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒரு எலுமிச்சங்காய் கேட்டு வாங்கிவந்து, இதிலும் சாதாரணக் கத்தி ஒன்றிலும் தேய்த்து வைத்தேன். நாங்கள் பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் சாதாரணக் கத்தி கறுத்துப்போனது. இது அப்படியே பளிச்சென்று கிடந்தது.

"இதான் மாமா. தீட்டுறதுக்கு லேசுல மசியாது. ஆனா ஏறுன பதம் எறங்காது."

அதன் பிறகு மாமா செய்ததுதான் எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. பெரிய கத்தியை அவர் தொடவேயில்லை. சிறியதை எடுத்து என் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடி குட்டி" என்றார். பிடித்தேன். கையை நனைத்துவிட்டு மறுபடியும் பிடிக்கச் சொன்னார். என் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்து, "ஒரு விரக்கடை கூட இருக்கு. அப்ப சரியாத்தான் இருக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"ஒங்க கைக்குப் பெருசுதானே மாமா தோதா இருக்கும்?"

"கை பழகிக்கும்."

என் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பா என்று வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

லயத்துக்கு வந்ததும் அம்மா கண்ணாலேயே கேட்டாள். நான் வாயாலேயே சொன்னேன். "எலுமிச்சங்காய் தேச்சுப் பாத்தோம்மா! கறுக்கவே இல்ல!"

"அடி போடி!" என்று, மாமா தரையில் வைத்த கத்தியை எடுத்து உறையிலிருந்து உருவினாள். பிறகு அதைக் கீழே வைத்து, மாமாவை எடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அந்தத் தடித்த கைக்குள் பிடி பாதி மறைந்துபோனது. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன.

"இது ஒன் கைக்கு வாங்குன கத்தியாடா?"

மாமாவுக்காக நான் பேசினேன். "என் கைய வச்சு அளவு பாத்துத்தாம்மா எடுத்தாரு! ஒரு விரக்கடை கூட வச்சு!"

அம்மாவின் முகம் இருண்டது. பிறகு என்ன நினைத்தாளோ, மூலையில் முறத்தை வைத்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் வெளிச்சம் வந்தது. மாமாவைக் கீழே வைக்கச் சொல்லி, கத்தியை எடுத்து அக்காவின் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"பெரியவளுக்கு வாங்கியிருக்கான்! வெறகுக்குப் போறவளாச்சே. சொன்னா என்னாடா, வெக்கமா? எடுத்துப் பாருடி."

அக்கா எடுத்தாள். தச்சன் அளவெடுத்துச் செய்ததுபோல அவள் கைக்குப் பொருந்தியது. "பாத்தியா, பாத்தியா!" என்று அம்மா கைதட்டினாள். மாமா தலையைத் தூக்கவில்லை. அவருடைய காது மடல் சிவந்து கிடந்தது. அக்கா கத்தியைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். எழுந்து அவர் முன்னால் போய் நின்று, "இந்தாங்க மாமா" என்று அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மூடிவிட்டாள்.

"கையில குடுக்காதடி பாவி!" என்று அம்மா அலறினாள்.

எங்கள் ஆட்கள் கத்தியைக் கைக்குக் கை மாற்ற மாட்டார்கள். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் உறவு அறுந்துவிடும். கடைக்காரரிடம் எப்படியும் வாங்கலாம், வீட்டுக்குள் கூடாது. மாமா கடையில் என் கையில் வைத்தாரே என்றால், விலை பேசி முடிக்கிற வரைக்கும் அது எங்கள் கத்தி இல்லை. எனக்கு இந்த முறையைச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். அதுவும் புறங்கையில் இரண்டு அடி போட்டு.

மாமா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். உறையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மத்தியான வெயிலில் ஹல்துமுல்லைப் பாதையில் இறங்கிப் போனார். தை பிறந்தது. மாமா வரவில்லை.

அவர் இறங்கிப் போன அன்றைக்கு அம்மா அழுதாள். எனக்கு அக்கா மேல் பொல்லாத கோபம். நான் அலைந்து திரிந்து, எலுமிச்சங்காய் தேய்த்து, அவ்வளவு நல்ல கத்தியாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இவள் ஒரு நொடியில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாளே!

மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குடத்தோடு போனவளை விடாமல் பின்னாலேயே போய்க் கேட்டேன். "கீழ வச்சிருக்கணும்ல? ஒனக்குத் தெரியாதா அக்கா?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"மறந்துட்டேன்டி" என்றாள்.

எந்த இரும்பையும் பார்த்த மாத்திரத்தில் எடைபோடத் தெரிந்த நான், அதை அப்படியே நம்பினேன்.